என் தலை போட்ட பத்து ரூபாய்

பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் நான் ஐந்தாம் வகுப்பு வாத்தியார். வருஷத்துக்கு ஒரு தடவை எங்கள் பள்ளியில் சந்தை நாள் நடக்கும். மாங்காய், வேர்க்கடலை, கேழ்வரகு அடை என்று பிள்ளைகளே கொண்டுவந்து விற்பார்கள், பிள்ளைகளே வாங்குவார்கள். கூட்டல் கழித்தல் கைவர வேண்டும் என்பதற்காக. காசு மட்டும் விளையாட்டுக் காசு. போன வருஷம் அதை அடிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

நேராக ஒரு பத்து ரூபாய் நோட்டோடு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் நோட்டையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"இத காப்பி எடுத்தா தாத்தா சிரிச்சுக்கிட்டே இருப்பாருங்க சார். நாம ரெண்டு பேரும் கம்பி எண்ணிக்கிட்டு இருப்போம். வேற மூஞ்சி எதாச்சும் கொண்டாங்க."

எனக்கு உடனே மைத்துனன் காட்டிய வெளிநாட்டு நோட்டு நினைவுக்கு வந்தது. கண்ணாடி போட்ட ஒருவர் அதில் கம்பீரமாக இருந்தார். "யாரு, அந்த ஊரு ராஜாவா?" என்று கேட்டிருந்தேன். "வாத்தியாராம் மாமா. ஊரூரா பள்ளிக்கூடம் தொறந்தவராம்," என்றான். பள்ளிக்கூடம் திறப்பதென்றால் நானும் தினமும்தான் திறக்கிறேன், சாவி என்னிடம்தான் இருக்கிறது. தகுதிக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

என் போட்டோவைக் கொடுத்தேன். கடைக்காரர் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, "முடி கொஞ்சம் வெக்கட்டுங்களா சார்?" என்றார்.

"தாராளமா வைப்பா. நோட்டுல வர்ற மூஞ்சி பாரு."

சந்தைக்கு முதல்நாள் வகுப்பில் நோட்டுகளைக் கொடுத்து நீண்ட சொற்பொழிவும் ஆற்றினேன். நோட்டில் ஏன் முகம் போடுகிறார்கள்? பூவிலோ கட்டடத்திலோ ஒரு கோடு பிசகினால் நமக்குத் தெரியாது. மூக்கு ஒரு நூல் தள்ளிப் போனாலும் இது அவர் இல்லை என்று கண் சொல்லிவிடும். "மூஞ்சிய நல்லாப் பாத்து வாங்குங்க. என்னை எவனும் காப்பியடிக்க முடியாது!" தலைமையாசிரியர் அம்மாவிடமும் போய் இதையே பீற்றிக்கொண்டேன்.

மறுநாள் சந்தை அமோகமாகத் தொடங்கியது. பதினோரு மணிவாக்கில் அந்த அம்மா ஒரு தாளை ஆட்டிக்கொண்டே வந்தார்.

"சார், நீங்க அடிச்சத விட அதிகமா நோட்டு சுத்துதே?"

வாங்கிப் பார்த்தேன். பென்சிலால் ஒரு வட்டம், அதற்குள் கண்ணாடி, மீசை, காதுவரை சிரிப்பு. மருந்துக்கும் முடி இல்லை. என்னை வரைய இவ்வளவுதான் தேவை என்பது எனக்கே அன்றுதான் தெரியும்.

"கள்ள நோட்ட எல்லாம் பொறுக்கி எடுங்க. இல்லன்னா சந்தைய மூடிடலாம்," என்றார் அம்மா. அடுப்புக்கு முன்னால் விடிகாலையிலேயே உட்கார்ந்து அடை சுட்ட பிள்ளைகள் என்னையே பார்த்தார்கள்.

அடை விற்றுக்கொண்டிருந்த பெண்ணிடம் போனேன். வகுப்பிலேயே கறாரான ஆள் அவள்தான்.

"நல்ல நோட்டான்னு பாத்து வாங்கினியா?"

"பாத்துதானுங்க சார் வாங்கனேன். நேத்து நீங்க சொன்னீங்களே. உங்க மூஞ்சி மாதிரி இல்லாதத ஓரமாப் போட்டுட்டேன்."

ஓரத்தில் கிடந்தவை எல்லாம் நான் அடித்தவை. என் முடி அங்கே குவியலாகக் கிடந்தது.

பையிலிருந்து புத்தம்புது நோட்டு ஒன்றை எடுத்து, "ஒரு அடை குடு," என்றேன். அவள் அதை என் தலைக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தாள். நோட்டைப் பார்த்தாள், தலையைப் பார்த்தாள், மறுபடியும் நோட்டைப் பார்த்தாள்.

"இது யாரோ சினிமாக்காரருங்க சார். செல்லாது."

"நாந்தாம்மா அது!"

"அப்ப முடி எங்கீங்க சார்?"

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். சந்தையை மூடுவதா, மானத்தை மூடுவதா? பெஞ்சு மேல் ஏறி நின்று அறிவித்தேன்: "இந்த நிமிஷத்திலிருந்து முடி வெச்ச நோட்டு செல்லாது! வழுக்கை நோட்டுதான் செல்லும்! பழச எங்கிட்ட குடுத்து மாத்திக்கலாம்!"

வரிசை கொடிக்கம்பம் வரை நின்றது. நான் உட்கார்ந்து வட்டம் வட்டமாக என்னையே வரைந்து தள்ளினேன். முன்னால் நின்றவன், "மீச கோணையா இருக்குதுங்க சார், ரப்பர் தரட்டுங்களா?" என்றான். திருத்தி, அந்த நோட்டை நானே எடுத்துக்கொண்டு அடைக் கடைக்குப் போனேன்.

இந்தத் தடவை அவள் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நோட்டைப் பார்த்தாள், டப்பாவில் போட்டாள், அடையைக் கொடுத்தாள்.