மழைக்காலத்தில் மூடிய பெட்டி

குமாகிச்சி 1891 நவம்பர் 4 அன்று ஹகோனே மலைச்சரிவில், ஹதாஜுகு ஊரில் பிறந்தார். தமக்கு நிகரான தச்சரை அவர் கண்ணாடியில் மட்டுமே பார்த்திருந்தார்.

அவ்வூரில் ரகசியப் பெட்டி செய்யாத வீடு குறைவு. பக்கப் பலகையை அரை விரல் தள்ளினால் அடிப்பலகை இளகும். அது நகர்ந்தால் எதிர்ப்பக்கம் இளகும். முறை தவறாமல் நகர்த்தினால்தான் மூடி திறக்கும். இதற்கான மரத்தை மற்றவர்கள் இரண்டு வருடம் காயவைத்தார்கள். குமாகிச்சி ஏழே மாதத்தில் எடுத்துவிடுவார்.

"தட்டினாலே எனக்குத் தெரியும்" என்பார்.

அங்கே ஜூனில் தொடங்கும் மழைக்காலத்தில் மரம் உப்பிப் பிடித்துக்கொள்ளும் என்பதால், முதல் பலகையைச் சற்று நகர்த்தியே வைப்பது ஊர் வழக்கம். "அதெல்லாம் கத்துக்குட்டிங்களுக்கு" என்பார்.

1956இல் தச்சர் சங்கத் தலைவர் பதவி காலியானது. பத்தொன்பது வருடமாக அவர் ஏங்கிய பதவி. ஜூன் 30, மாலை ஐந்து மணிக்குள் மனு தரவேண்டும். அதில் கையெழுத்துக்குப் பதில், பதிவு பெற்ற சொந்த முத்திரைக்கட்டையால் குத்தவேண்டும். ஜூன் 11 அன்று, ஐம்பத்து நான்கு நகர்த்தலில் திறக்கும் புதுப் பெட்டிக்குள் அந்த முத்திரைக்கட்டையை வைத்து, ஊரார் பார்க்க இறுக மூடினார்.

27ஆம் தேதி முதல் பலகையே அசையவில்லை. கரியடுப்பருகே வைத்துப் பார்த்தார். தேய்த்தார். திட்டினார்.

"ஏங்க, கோடாலி எடுத்தாரட்டுமா?" என்றாள் மனைவி தோமே.

"என் பெட்டிய நானே உடைச்சா அப்புறம் நான் என்ன தச்சன்?"

"உடைக்கலேன்னா நீங்க என்ன தலைவர்?"

மரத்தட்டு செய்யும் பக்கத்து வீட்டுத் தச்சன் வாஷிச்சி வேலியோரம் வந்து நின்றான். "என்னண்ணே, தட்டினாலே தெரியும்னீங்களே! தட்டுங்க, உள்ளேருந்து பதில் வருதான்னு பாப்போம்."

30ஆம் தேதி நாலு நாற்பதுக்கு குமாகிச்சி கோடாலியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்துவிட்டார். வேலிக்கு அப்பால் ஏழு பேர் வேடிக்கை பார்த்தார்கள். ஓங்கிய கையை இறக்கி, அருகில் கிடந்த விறகைப் பிளந்தார். ஐந்து மணிவரை பிளந்தார். அந்த ஜூனில் அவ்வளவு விறகு யாருக்கும் தேவைப்படவில்லை.

வாஷிச்சியின் மனுவைத் தவிர வேறு எதுவும் வராததால் அவனே தலைவரானான்.

மழை ஓய்ந்து காற்று உலர்ந்தபின், நவம்பர் 19 அன்று பெட்டி திறந்தது. முத்திரை நலமாக இருந்தது. அதன்பின் சாகும்வரை, "செஞ்சவனுக்கே அஞ்சு மாசம் திறக்காத பெட்டி" என்று வந்தவர்களிடமெல்லாம் குமாகிச்சி பெருமையடித்தார். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு, பக்கத்துக் கடையில் திறக்கிற பெட்டியாகப் பார்த்து வாங்கிப் போனார்கள்.