அடுத்த அறைக்குப் போன பிரின்டர்

ஆஸ்பத்திரியில் அவரைப் "பத்தவைப்பு" என்றுதான் கூப்பிடுவார்கள். இரண்டு பேருக்கு நடுவில் சண்டையைப் பற்றவைக்கிறவர்கள் எங்கும் உண்டு. இவர் பற்றவைத்தது ஒயர்களை மட்டும். கம்ப்யூட்டரோ பிரின்டரோ எது படுத்தாலும் ஈயக்கம்பியோடு வந்து நிற்பார். தான் வைத்த ஈயம் விட்டுப்போனதாகச் சரித்திரமே இல்லை என்பார். அது பெரும்பாலும் உண்மைதான்.

அவர் மனைவி அங்கேயே ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் லேபிள் அடிப்பவள். பக்கத்தில் இருந்த பழைய பிரின்டர் நாள் முழுக்கக் கரகரவென்று கத்தும். சாயங்காலம் தலையைப் பிடித்துக்கொண்டுதான் வீட்டுக்கு வருவாள். பொண்டாட்டிக்குத் தலைவலி என்றால் மனுஷனுக்குத் தாங்காது. ஒரு விடுமுறை நாளில் பிரின்டரைத் தூக்கி அடுத்த அறையில் வைத்தார். கடையில் விற்ற ஒயர் எட்டவில்லை. தானே நீளமாக ஒன்றைப் பற்றவைத்துச் சுவரோரமாக இழுத்துவிட்டார். மறுநாள் அவளுக்குத் தலைவலி இல்லை. இவருக்குத் தலைகால் புரியவில்லை.

கொஞ்ச நாளில் லேபிளில் படுக்கை எண் மாற ஆரம்பித்தது. எப்போதாவது ஒரு தடவைதான். ஆனால் மூன்றாம் படுக்கைக்காரரின் ரத்தம் ஒன்றாம் படுக்கை என்று போனது. நர்ஸ் கவனித்ததால் விபரீதம் நடக்கவில்லை. இன்னொரு தடவை இப்படி ஆனால் வேலையை மறந்துவிடலாம் என்று மேலாளர் அவளிடம் சொல்லிவிட்டார்.

"நான் சரியாத்தாங்க அடிச்சேன்" என்றாள் வீட்டில்.

"தூக்கக் கலக்கமா இருக்கும். எதுக்கும் கண்ண டாக்டர்கிட்ட காட்டிடு."

காட்டினாள். கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. ஆனாலும் அதன்பிறகு ஒவ்வொரு எண்ணையும் வாய்விட்டுப் படித்துப் படித்து அடித்தாள். குழம்பில் உப்புப் போட்டேனா என்றுகூட அவரைக் கேட்கத் தொடங்கினாள். பார்க்கப் பாவமாக இருந்தது.

லேபிளை அடுத்த அறையிலிருந்தே ஆயா எடுத்துப் போய்விடுவதால், அடித்தது எப்படி வந்தது என்று அவள் பார்ப்பதில்லை. ஒரு மதியம் பிரின்டருக்கு மை ரிப்பன் மாற்ற வந்த கணவர் அவள் திரையில் மூன்றைப் பார்த்தார். அடுத்த அறையில் காகிதத்தில் ஒன்று என்று இருந்தது. திரும்ப வந்து பார்த்தார். திரையில் மூன்றேதான்.

சுவரோரம் தான் இழுத்துவிட்ட ஒயரைப் பார்த்தார். அவர் இழுத்தது பேரலல் ஒயர். கம்ப்யூட்டர் ஒவ்வோர் எழுத்தையும் எட்டுத் துண்டாக்கித்தான் அனுப்பும்; பேரலலில் அந்த எட்டும் எட்டுக் கம்பிகளில் ஒரே நேரத்தில் கிளம்பும். பக்கத்தில் என்றால் கூட்டாகப் போய்ச் சேரும், வேகமும் உண்டு. தூரம் கூடினால் ஒன்று முந்தும், ஒன்று பிந்தும், ஒரு கம்பி இன்னொன்றின் காரியத்தில் தலையிடும். ஒரு துண்டு மாறினால் போதும், மூன்று என்ற எண் ஒன்று என்று அச்சாகிவிடும். சீரியல் என்ற இன்னொரு வகை ஒயரில் எல்லாத் துண்டுகளும் ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். மெதுவாகத்தான் போகும், ஆனால் தூரம் தாங்கும். இதெல்லாம் அவருக்குத் தெரியாததல்ல. பாசம் கண்ணை மறைத்துவிட்டது.

அன்றே சீரியலுக்கு மாற்றினார். கம்ப்யூட்டரிலும் பிரின்டரிலும் ஒரே வேகம் வைக்க மறந்ததில் முதலில் கிறுக்கலாகக் கொட்டியது. சரிசெய்ததும் மூன்று மூன்றாகவே வந்தது. நேரே மேலாளரிடம் போய், "தப்பு அவமேல இல்ல சார், என் ஒயர் மேல" என்றார். அவள் வேலை தப்பித்தது.

வீட்டில் திட்டு விழும் என்று எதிர்பார்த்தார். விழவில்லை.

"ஒயர் போட்டதுல எனக்குக் கோவமே இல்லீங்க. எனக்காகத்தான போட்டீங்க" என்றாள். "என் தூக்கத்த சந்தேகப்பட்டீங்க, கண்ண சந்தேகப்பட்டீங்க. உங்க ஒயர ஒரு நாளாவது சந்தேகப்பட்டீங்களா?"

பட்டதில்லை.