பூச்சு காயும்வரை

எங்கள் அத்தையின் முகத்துக்கு எதுவுமே ஒத்துக்கொள்ளாது. கடைப் பவுடர் பட்டால் சிவக்கும், எலுமிச்சை பட்டால் எரியும், ஒன்றும் படாமல் விட்டாலும் பரு வரும். அப்பாவின் ஒரே தங்கை. இரண்டு மாப்பிள்ளை வீட்டார் வந்து, பஜ்ஜியைத் தின்றுவிட்டு, முகத்தைக் காரணம் சொல்லிப் போயிருந்தார்கள். மூன்றாவது வீட்டார் வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது. அதனால் பயத்த மாவில் வேப்பங்கொழுந்தை அரைத்துச் சேர்த்து, சந்தனம் இழைத்து, மோரில் குழைத்துப் பூசிக்கொண்டிருந்தாள்.

எதையும் நேராக முகத்தில் பூசமாட்டாள். முதலில் முழங்கை மடிப்பில் ஒரு பொட்டு வைப்பாள். ஒரு நாள் போய், அரிக்காமல் தடிக்காமல் இருந்தால்தான் முகத்துக்கு. பூசிய பிறகு காயும்வரை பேசக்கூடாது, சிரிக்கக்கூடாது. தலையில் ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டு இருட்டறையில் அசையாமல் உட்கார்ந்திருப்பாள். அப்போது அப்பா அந்தப் பக்கமே திரும்பமாட்டார். எனக்குப் பார்க்கவும் பயம், பார்க்காமலும் இருக்க முடியாது.

அந்தத் தை மாதம் ஊரே பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தது போலப் பேச்சற்றுக் கிடந்தது. சென்னையில் புது ஆட்சி வந்திருந்தது. எங்கள் வயலுக்கு அறுப்பு ஆட்கள் வரவில்லை. கூலியைக் கூட்டிக் கேட்டு வரப்பில் செங்கொடி நட்டிருந்தார்கள். முற்றிய கதிர் ஆளில்லாமல் உதிர்ந்தது. பள்ளிக்கூடத்தில் போலீஸ் தங்கியிருந்ததால் எனக்கு விடுமுறை. எட்டு வயதில் அதைவிட நல்ல போராட்டம் எது?

நடவுப் பெண்களைத் திரட்டியவள் என்று அஞ்சலையைப் போலீஸ்காரர்கள் தேடிக்கொண்டிருந்தார்கள். அத்தைக்கு வேப்பங்கொழுந்து பறித்துவந்து, உள்ளே வரக்கூடாதென்பதால் கொல்லைப் படலில் வைத்துவிட்டுப் போகிறவள் அவள்தான். கையில் கிடைத்தால் உயிரோடு விடமாட்டார்கள் என்று மாட்டுக்காரர் சொன்னது என் காதிலும் விழுந்தது.

செவ்வாய்க்கிழமை அத்தை என்னைக் கூப்பிட்டு, அப்பாவின் சந்தனக்கட்டையை இரண்டு துண்டாகக் காட்டினாள். கட்சி மேடையில் சாமி இல்லை என்று பேசுவதைக் கேட்டுக் கைதட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து சந்தனம் இழைத்து இட்டுக்கொள்ளும் அப்பா.

"கீழ விழுந்து ஒடஞ்சுபோச்சு. அப்பா கேட்டா தெரியாதுன்னு சொல்லிடு. சொல்லுவியா?"

சாயங்காலம் அப்பா உருட்டி மிரட்டிக் கேட்டார். தெரியாது என்றேன். தூணோரமாக நின்று அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் உச்சிப்பொழுதில் கொல்லைக்குப் போனேன். மாட்டுக்கொட்டகை வாசலில் அத்தை முகம் முழுக்கப் பூச்சோடு நின்று, வேலிக்கு அப்பால் பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டேன். விரலை உதட்டில் வைத்து, உள்ளே போ என்று கை காட்டினாள். ஓடிவந்தேன்.

இருட்டறையில் அத்தை உட்கார்ந்திருந்தாள்.

அதே பூச்சு, அதே ஈரத்துண்டு, அத்தையின் ஊதாப் புடவை. ஓடிவந்த என்னை முந்திக்கொண்டு எப்படி வந்தாள்? பூச்சுக்கு நடுவிலிருந்து இரண்டு கண்கள் என்னைப் பார்த்தன. அவை அத்தையின் கண்கள் இல்லை. குனிந்து பார்த்தேன். புடவைக்கு வெளியே தெரிந்த கால்விரல் இடுக்குகளில் சேற்றுப்புண். அத்தை சேற்றில் கால் வைத்ததே கிடையாது. பேய்க்குக் கால் இருக்காது என்று கேள்விப்பட்டிருந்தேன். இதற்குக் கால் இருந்தது, அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

கூடத்தில் பூட்ஸ் சத்தம் கேட்டது. அப்பாவோடு இன்ஸ்பெக்டர் வந்து நின்றார்.

"உங்க கொல்லைப் பக்கம் ஓடுனதா சொல்றாங்க. அந்த ரூம்ல யாருங்க?"

"என் தங்கச்சிதாங்க இருக்கும்" என்றார் அப்பா கூச்சத்தோடு. வாசற்படியில் நின்ற என்னிடம், "பாப்பா, உள்ள யாரு, அத்தையா?" என்று கேட்டார்.

இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்தார். அந்த உருவம் அசையவில்லை. கன்னத்தில் பூச்சு காய்ந்து மெல்ல வெடிப்பு விட்டது. பேய் என்று கத்தத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் கேட்டது அதே அப்பா, அதே குரல். நேற்றுப் பொய் சொன்ன வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அத்தைதாம்ப்பா. பூசியிருக்காங்க, பேசமாட்டாங்க."

இன்ஸ்பெக்டர் பின்வாங்கினார். போலீஸ்காரர்கள் கிணற்றடியில் பாய் போட்டு உட்கார்ந்து, பொழுது சாய்ந்த பிறகுதான் போனார்கள். அதன்பின் இருட்டறையில் ஊதாப் புடவை மடித்து வைத்திருந்தது, யாரும் இல்லை. அத்தை கொட்டகை வைக்கோலுக்குள்ளிருந்து வந்தாள். கழுவ வழியில்லாமல் காய்ந்து இறுகிய பூச்சை உரித்தபோது தோலும் கூடவே வந்தது. பேய் முகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டது, ஆனால் கிழித்துக் கொடுத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை வந்தவர்கள் பஜ்ஜியைக்கூடத் தொடவில்லை. அத்தைக்குக் கடைசிவரை கல்யாணம் ஆகவில்லை. அன்றைக்கு நடந்ததை அவள் யாரிடமும், என்னிடமும்கூட, பேசவில்லை.

போன வருஷம் என் மகளுக்குப் பரு வந்தது. அதே பூச்சை அரைத்து, முழங்கை மடிப்பில் ஒரு பொட்டு வைத்து, "ஒரு நாள் பொறு, ஒத்துக்குதான்னு பாக்கணும்" என்றேன். சொன்ன வாய் அப்படியே நின்றுவிட்டது. இழைத்துக்கொண்டிருந்த சந்தனக்கட்டை என் கையில் இருந்தது. அதைத் தரையில் போட்டுப் பார்த்தேன். மறுபடியும் ஓங்கிப் போட்டேன். உடையவில்லை. அத்தை காட்டிய துண்டுகளின் முனையில் அரிவாள் பட்ட தடம் நேராக இருந்தது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் பொட்டு வைத்துப் பார்த்தது என்னை.