இரண்டு நிமிடத்தில் ஏறிய வீடியோக்கள்

எங்கள் தெருவில் கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்றால் நான்தான். வேங்கிக்காலில் புதிதாகக் குடிவந்த பாதிப் பேருக்குப் பிரின்டர் மாட்டிக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது. கொஞ்சம் ஜாஸ்தியாகவே பிடித்திருந்தது, அதுதான் கோளாறு.

கீழ்வீட்டு மேடம் கல்லூரி ஆசிரியை. கிரிவலப் பாதையில் கடை போடும் பெண்களைப் பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தார். மூன்று வருடமாகப் பௌர்ணமிதோறும் போய், அவர்களைப் பேசவைத்து வீடியோ எடுத்திருந்தார். அத்தனையும் அவருடைய பழைய லேப்டாப்பில் இருந்தது. புதியது வாங்கியதும் பழையதைத் தங்கை மகளுக்குத் தருவதாகச் சொல்லிவிட்டார். இரண்டையும் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்தார்.

“பென் டிரைவ்ல கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணுமா தம்பி?”

“எதுக்குங்க மேடம்? ரெண்டு லேப்டாப்பையும் ஒரே ஒயர்ல மாட்டிட்டா நேரா போயிடும். நீங்க போய் வேலையப் பாருங்க.”

“நீங்க இருக்கும்போது எனக்கென்ன கவலை” என்று சமைக்கப் போய்விட்டார்.

அன்று பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்காக மதியத்துக்கு மேல் பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். லேப்டாப்பை வாங்கிப்போக வந்திருந்த தங்கை மகள் அதற்குள் கிளம்பியாக வேண்டும். பழைய லேப்டாப்பின் முகப்புத் திரையில் ‘ஆய்வு’ என்றொரு ஃபோல்டர் இருந்தது. பிடித்து இழுத்துப் புதியதில் போட்டேன். இரண்டே நிமிடத்தில் முடிந்தது. மாடிப்படியில் பாதி இறங்கி, “ரெண்டே நிமிஷங்க மேடம்!” என்று கத்தினேன். மூன்று வருட வீடியோ இரண்டு நிமிடத்தில் எப்படிப் போகும் என்று சின்னப் பிள்ளை கூடக் கேட்டிருக்கும். நான் கேட்கவில்லை. பழையதை முழுக்க அழித்து, புதிதாக விண்டோஸ் போட்டுக் கொடுத்தேன். அந்தப் பெண்ணும் பஸ்ஸைப் பிடித்துவிட்டாள்.

மறுநாள் காலையில் மேடம் கூப்பிட்டார். ஒரு வீடியோவும் திறக்கவில்லை. குனிந்து பார்த்தேன். ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு சின்ன அம்புக்குறி. நான் ஏற்றியவை வீடியோக்களே அல்ல, அவை இருக்கும் இடத்தைக் காட்டும் ஷார்ட்கட்டுகள். அசல் எல்லாம் பழைய லேப்டாப்பின் இன்னொரு டிரைவில் இருந்தது. அதைத்தான் நான் துடைத்து வைத்திருந்தேன். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது என்னைப் பார்த்துச் சொன்னதுதான்.

அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது வேறு.

“வைரஸ் அடிச்சிருக்குங்க மேடம். ஏற்கெனவே எல்லாம் போயிருந்திருக்கு.”

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நீங்க என்ன தம்பி பண்ணுவீங்க, பாவம்” என்று எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வந்தார். அதை நான் குடித்தேன். இன்று வரை என்னை அறுப்பது அந்த டீதான்.

பழைய லேப்டாப்பை வரவழைத்து, தெரிந்த வித்தையெல்லாம் செய்து பார்த்தேன். ஒன்றும் மீளவில்லை. மேடம் முதலிலிருந்து ஆரம்பித்தார். பௌர்ணமிதோறும் கேமராவையும் ஸ்டாண்டையும் தூக்கிக்கொண்டு கூடவே நடந்தேன். “எவ்ளோ நல்ல மனசு இவருக்கு” என்று கடைக்காரப் பெண்களிடமெல்லாம் சொல்வார். எனக்குத் தலை நிமிராது. பாதிப் பேர் மறுபடி பேசினார்கள். பூக்கடைப் பெண் ஒருத்தி மட்டும் கேமராவைக் கையால் மறைத்துவிட்டாள். முதல் தடவை அவள் புருஷன் விட்டுப் போன கதையை ஒரு மணி நேரம் சொன்னாளாம்.

“ஒரு தபா அழுதாச்சும்மா, போதும். வேற யாரையாவது கேளு” என்றாள்.

மேடம் அவளிடம் மன்னிப்புக் கேட்டார். கேட்க வேண்டிய நான் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தேன்.

போன மாதம் ஆய்வு வேலைக்கென்று கல்லூரியில் அவருக்கு வேறொரு லேப்டாப் கொடுத்தார்கள். மறுபடியும் இரண்டோடு மாடிக்கு வந்தார். “உங்கள விட்டா எனக்கு யாரு இருக்கா?” என்றார்.

இந்தத் தடவை அசல் எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடித்தேன். அளவு பார்த்தேன். இரண்டு தடவை பார்த்தேன். ஒயரை மாட்டி ஏற்றத் தொடங்கினேன். இன்னும் ஒரு மணி ஐம்பது நிமிடம் என்று திரை காட்டியது. அடுப்பில் குழம்பு இருப்பதாகச் சொல்லி எழுந்தவர் வாசலருகே நின்றுவிட்டார்.

“போன தடவ ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிடுச்சே தம்பி?”

சந்தேகமாகக் கேட்கவில்லை. சும்மா, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். இன்னொரு பொய் நாக்கு நுனி வரை வந்தது. பூக்கடைக்காரி கேமராவை மறைத்த கை நினைவுக்கு வந்தது.

“அன்னிக்கு வைரஸ் எதுவும் இல்லைங்க மேடம். நான்தான் சரியாப் பாக்காம அழிச்சிட்டேன்.”

அவர் என்னைத் திட்டவில்லை. கீழே போனார். இனி வரமாட்டார் என்று நினைத்தேன். அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பி வந்தார். ஒரு நாற்காலியை இழுத்து, இரண்டு லேப்டாப்புக்கும் எதிரில் போட்டு உட்கார்ந்தார். அந்த ஒரு மணி ஐம்பது நிமிடமும் அவர் எழுந்திருக்கவே இல்லை.