மூன்றாவது பை

ஞானம் சிஸ்டர் இறந்த செய்தி எனக்குக் கடை போனில் வந்தது. சங்கரன்கோவில் பஸ் நிலையத்துக்கு எதிரே, என் சித்தியின் தையல் கடையில் ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன். பேசியது சிஸ்டரின் சிநேகிதி கோமதி அத்தை.

"செல்வி, சிஸ்டரு போயிட்டா மக்கா. பஸ்ல உக்காந்தபடியே" என்றார்.

இரண்டு பேரும் கோயம்புத்தூரில் சிஸ்டரின் மகன் வீட்டில் இருப்பதாகத்தான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். "கோயம்புத்தூர்லயா?" என்று கேட்டேன். அத்தைக்குப் பின்னால் யாரோ இந்தியில் ஊர்ப் பெயர்களைக் கூவிக்கொண்டிருந்தார்கள். அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. என்னை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். சிஸ்டர் போனது வலிக்கும் முன்னாலேயே அதுதான் எனக்கு வலித்தது.

நினைவுக் கூட்டத்தில் பேசும்படி சிஸ்டரின் மகன் என்னையும் கேட்டார். எனக்குப் பேச வராது. வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் குரல் எழும்பாது என்றுதான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். அதனால் எழுதித் தருகிறேன். உங்களில் பலருக்கு அரசு ஆஸ்பத்திரியில் சிஸ்டர் ஊசி போட்டிருப்பார். நான் அவரை அறிந்தது அவர் ஓய்வு பெற்ற பிறகுதான்.

முதல் நாள் அவர் கடைக்கு வந்தது பை தைக்க. கூடவே கோமதி அத்தை. அத்தை சத்துணவுக் கூடத்தில் சமைத்து ஓய்வு பெற்றவர். ரயிலிலோ சொகுசு பஸ்ஸிலோ ஏறாமல், ஒவ்வொரு ஊரிலும் ஓடுகிற உள்ளூர் பஸ்ஸிலேயே மாறி மாறி, வடக்கே பனி தெரிகிற ஊர் வரைக்கும் போகப் போகிறோம் என்றார்கள். சித்தி சிரித்துவிட்டார். "சூட்கேஸ் வேண்டாமா சிஸ்டர்?" என்றார். "மடியில வைக்க முடியாதது எதுவும் பஸ்ல ஏறக்கூடாது" என்றார் சிஸ்டர். நீலக் கட்டம் போட்ட துணியில் இரண்டு பைகள் தைத்துக் கொடுத்தேன்.

ஒரே மூச்சில் போகவில்லை. வருடத்துக்கு ஒரு தடவை முடிந்தவரைக்கும் போவார்கள். அலுத்துப்போன ஊரில் நிறுத்திவிட்டு ரயிலில் திரும்பி வருவார்கள். அடுத்த வருடம் ரயிலில் அதே ஊருக்குப் போய் அங்கிருந்து தொடங்குவார்கள். ஊருக்கு வந்ததும் கடை ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்வார்கள். எல்லை தாண்டிய முதல் பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கேட்டபோது, பெண்களுக்குக் காசு வாங்காத நம் ஊர் டவுன் பஸ் என்ற நினைப்பில் அத்தை "லேடீஸுல்லா?" என்று மிடுக்காகச் சொன்னாராம். கண்டக்டர் அவர் சொன்னதை ஊர்ப் பெயர் என்று நினைத்து, அந்த ஊருக்கு இந்த பஸ் போகாது என்று இறக்கிவிடப் பார்த்தாராம்.

இரண்டாம் வருடம், ரயில் அவர்கள் நிறுத்திய சின்ன ஊரில் நிற்காமல் அடுத்த பெரிய ஊருக்குப் போய்விட்டது. சிஸ்டர் விடவில்லை. பஸ்ஸில் திரும்பிப் போய், விட்ட பஸ் நிலையத்திலிருந்து மறுபடி அதே ரோட்டில் வந்தார்களாம்.

"இந்த ரோட்ட நாம பாக்கலன்னு யாரு கேஸ் போடப் போறா? கேளுட்டி செல்வி, இவ பண்ணுத அநியாயத்த" என்றார் அத்தை.

"அவளையே கேளு. தையல் விட்ட எடத்துல தொடங்காம ரெண்டு வெரல் தள்ளிப் போட்டா துணி நிக்குமா?" என்றார் சிஸ்டர்.

நான் இல்லை என்று தலையாட்டினேன். அந்த ஊர்களையெல்லாம் நான் பார்த்ததில்லை. ஆனாலும் அவர்கள் பேச்சில் எனக்கும் ஒரு இடம் இருந்தது.

ஒரு நாள் மிஷின் ஊசி என் விரலில் ஏறி முறிந்துவிட்டது. சிஸ்டர் அப்போது கடையில் இருந்தார். "வலிக்கும். வலிக்காதுன்னு நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. மூணு எண்ணுவேன், மூணுல எடுப்பேன்" என்றார். மற்றவர்கள் என்றால் கண்ணை மூட வைத்து இரண்டிலேயே இழுத்துவிடுவார்கள். அவர் மூன்று என்று சொல்லித்தான் எடுத்தார். கட்டுப் போட்டுக்கொண்டே, "கடைசிப் பயணத்துக்கு நீயும் வா. பதினெட்டு முடியட்டும். உங்க அம்மைகிட்ட நான் பேசுதேன்" என்றார். சொன்னபடி பேசினார். அம்மாவும் சம்மதித்தாள். மீதம் இருந்த நீலக் கட்டத் துணியில் எனக்கென்று மூன்றாவது பையைத் தைத்து வைத்தேன். வருகிற ஐப்பசியில் எனக்குப் பதினெட்டு.

போன மாதம் சிஸ்டர் கடைக்கு வந்து பையின் வாரை மாற்றித் தரச் சொன்னார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். "மவன் வீட்டுக்கு" என்றார். என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தேன். ஒருவரிடமும் வலிக்காது என்று சொல்லாதவர் அன்று என்னிடம் அதைத்தான் சொல்லியிருக்கிறார்.

சிஸ்டரின் உடலை மகன் விமானத்தில் கொண்டுவந்தார். அடக்கத்தில் எல்லாரும் ஒரு பிடி மண் போட்டார்கள். நான் போடவில்லை. அதைச் சிலர் பார்த்தீர்கள். அதற்குக் காரணம் இதுதான்.

மறுநாள் கோமதி அத்தை கடைக்கு வந்தார். நான் மிஷினை நிறுத்தவில்லை.

"ஏட்டி, மூஞ்சியத் திருப்பாத. ஐப்பசி வரைக்கும் நெஞ்சு தாங்காதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. அதான் முந்திக்கிட்டா."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீயும் வாரேன்னு நிப்ப. வழியில அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, நீ பக்கத்துல உக்காந்துக்கிட்டு யாருகிட்டயும் ஒரு வார்த்த கேக்க முடியாமத் தவிப்பன்னு சொன்னா. 'அந்தப் புள்ளைக்கு எதுக்கு அது'ன்னா."

"கேட்டிருப்பேன் அத்தை" என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. வெட்டு மேசையிலிருந்து சித்தி திரும்பிப் பார்த்தார்.

கேட்டிருப்பேனா என்று உண்மையில் எனக்குத் தெரியாது. சிஸ்டருக்கும் தெரியாது. தெரியாத ஒன்றை எனக்குப் பதிலாக அவரே முடிவு செய்துவிட்டார். அன்பினால்தான் செய்தார் என்று எல்லாரும் சொல்கிறீர்கள். இருக்கட்டும். என்னிடம் கேட்கவில்லை என்பது அதனால் மாறிவிடாது.

அத்தை சிஸ்டரின் பையை மேசையில் வைத்தார். நான் போட்ட வார் கெட்டியாக இருந்தது. "வச்சுக்க" என்றார். எனக்குத்தான் பை இருக்கிறதே என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் அதை மடியில் வைத்துக்கொண்டார்.

"பனி பாக்கல செல்வி. இன்னும் ஒரு நா ரோடு கெடக்கு. எனக்கு ஒத்தையில போக முடியாது" என்றார். "ஐப்பசியில வாரியா?"

அன்று நான் பதில் சொல்லவில்லை. இந்தக் கூட்டத்தில் இதை வாசிக்கப் போவது அத்தைதான். அதனால் இங்கேயே சொல்கிறேன். வாரேன் அத்தை.

சிஸ்டரிடமிருந்து எனக்கு என்று இரண்டு இருக்கின்றன. மூன்று என்று சொன்னால் மூன்றில் எடுத்த கை ஒன்று. விட்ட இடத்தில் தொடங்க வேண்டும் என்ற பிடிவாதம் இன்னொன்று. அவரை இறக்கிய பஸ் நிலையத்தின் பெயரை அத்தையிடம் கேட்டுக்கொண்டேன். மிஷின் ஓடும்போது அதைச் சொல்லிச் சொல்லிப் பழகுகிறேன். அந்த ஊருக்குப் போகும் பஸ்ஸில் டிக்கெட் கேட்கப் போவது நான்தான்.

கோபம் தீரவில்லை. மடியில் வைக்கக்கூடிய அளவுதான் இருக்கிறது. அதையும் பஸ்ஸில் ஏற்றிக்கொள்வேன்.