கை பிடிக்கும் வேலை

பேருந்து ஓட்டும் அந்த மனுஷருக்கு வாய் சும்மா இருக்காது. பொது வார்டில் நர்ஸாகப் பத்து வருஷம் ஓடியாடிய மனைவி, கண் மருத்துவத்துக்கென்று ஒரு வருஷம் தனிப் பயிற்சி எடுத்து ஆபரேஷன் அறைக்குப் போனார். அங்கே என்ன வேலை என்று டிரைவர் கேட்டார். நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்றார் நர்ஸம்மா.

"அதுக்கு ஒரு வருஷப் படிப்பா? நான் படிக்காமலே உன் கையப் பிடிச்சவன்."

"அதான் இந்த லட்சணம்."

டிப்போவில் யாராவது வீட்டுக்காரம்மாவைப் பற்றி விசாரித்தால், "ஆஸ்பத்திரியில கை பிடிக்கிறா" என்று சொல்லிவிட்டு இவரே முதலில் சிரிப்பார்.

ஐம்பது வயதில் இவருக்கே கண்ணில் புரை விழுந்தது. பார்வை தேறாவிட்டால் ஸ்டீயரிங்கை மறந்துவிட வேண்டியதுதான். மனைவியின் ஆஸ்பத்திரியிலேயே ஆபரேஷன். நர்ஸின் சொந்தக்காரர் என்றால் கையை இன்னொரு நர்ஸ் பிடிப்பதே அங்கே முறை. ஆனால் அந்தப் பயிற்சி முடித்தவர்கள் மொத்தமே இரண்டு பேர். மற்றவள் பிரசவ விடுப்பில் இருந்தாள். வேறு வழியில்லாமல் நர்ஸம்மாவே வந்து உட்கார்ந்தார்.

"அசையக் கூடாது, பேசக் கூடாது. இருமல் வந்தா என் கைய ஒரு தடவ அழுத்துங்க. டாக்டர் மைக்ராஸ்கோப்பத்தான் பாத்துக்கிட்டிருப்பார், உங்களப் பாக்க மாட்டார்."

முகத்தைத் துணி மூடியது. பாதி வேலையில் டிரைவருக்குத் தொண்டை கரகரத்தது. அழுத்தினால் மானம் போய்விடுமாம்! மூச்சைப் பிடித்து விழுங்கப் பார்த்தார். கருவி கண்ணுக்குள்ளே இருந்தது. தலை ஒரு நூல் துள்ளினாலும் பார்வை போயிருக்கும்.

"நிறுத்துங்க டாக்டர்."

நர்ஸம்மாவின் குரல் உயரக்கூட இல்லை. கருவி வெளியே வந்தது.

"இப்ப இருமுங்க."

இருமினார். கட்டிலே குலுங்கியது.

எல்லாம் முடிந்து, ஒரு கண்ணில் கட்டோடு வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் முதலில் அதைத்தான் கேட்டார்.

"நான் அழுத்தவே இல்லையே?"

"மூச்ச அடக்குனீங்க, கட்டை விரல் விறைச்சுது. உங்கள மாதிரி வீராப்புக்காரங்களுக்காகத்தான் அந்த ஒரு வருஷம்."

சொல்லிவிட்டு அடுத்த நோயாளியிடம் போய்விட்டார். டிரைவர் தன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இவ்வளவு தெரிந்தவளோடா இருபத்திரண்டு வருஷம் குடித்தனம் நடத்தினோம் என்று மலைப்பாக இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

பார்வை தேறி, மறுபடி வண்டி எடுத்த அன்று புதிதாக வந்த கண்டக்டர் பேச்சுக்கொடுத்தார்.

"வீட்டுக்காரம்மா வேலைக்குப் போறாங்களாண்ணே?"

"ஆஸ்பத்திரியில கை பிடிக்கிறாங்க."

கண்டக்டருக்குச் சிரிப்பு வந்தது. டிரைவரின் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிக்கொண்டு விசிலை ஊதினார்.