நீர்க்கடுப்பு என்று சொல்லிவைத்தோம்

காரைக்காலில் என் மனைவி படுத்திருந்த வார்டில் கட்டில்கள் பன்னிரண்டு, அறிவிப்புகள் ஏழு. ஏழையும் படித்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பார்வையாளர் நேரம் மாலை நான்கு முதல் ஆறு. ஒரு நோயாளிக்கு ஒரு பாஸ். வெளி உணவுக்கு அனுமதி இல்லை. ஏன் இல்லை என்று ஏழில் ஒன்றிலும் எழுதவில்லை.

அவளுக்குச் சிறுநீரகங்கள் இரண்டும் சோர்ந்துவிட்டன. இரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருக்கிறது, இன்னும் ஏறினால் இதயம் நின்றுவிடும் என்று டாக்டர் என்னையும் மகனையும் தனியே அழைத்துச் சொன்னார். தண்ணீர் ஒரு நாளைக்கு ஐந்து டம்ளர். வாழைப்பழம், பழச்சாறு, இளநீர் கூடவே கூடாது.

தண்ணீரை நான் அளந்து கொடுத்தேன். காரணத்தை அவளிடம் சொல்லவில்லை. எங்கள் வீடுகளில் நோயாளியிடம் நோயைச் சொல்வதில்லை. சொந்தக்காரர்களிடமும் சொல்வதில்லை, கட்டிலருகே வந்து அழுதுவிடுவார்கள். ஃபோனில் விசாரித்தவர்களுக்கெல்லாம் மகன் 'நீர்க்கடுப்பு' என்று சொல்லிவைத்தான். எனக்கும் அது சரியாகவே பட்டது.

நான்காம் நாள் மாலை நெரவியிலிருந்து அவள் தங்கை வந்தாள். அவள் உள்ளே போகவேண்டுமானால் நான் பாஸைக் கொடுத்துவிட்டு வெளியே நிற்கவேண்டும். கொடுத்தேன். வாசலில் காவலாளி அவளை மறித்தான்.

"பையில என்னம்மா, ஃபிளாஸ்கா?"

"வெந்நிதான் தம்பி. வேணும்னா மோந்து பாரு."

"ஒங்கூரு வெந்நிய நான் எதுக்கு மோக்கணும்? போங்க, போங்க."

வெந்நீர்தான் என்று நானும் நினைத்தேன். சைக்கிள் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்து, வருகிற வண்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஆறு மணிக்கு அவள் சிரித்த முகத்தோடு வந்து பாஸை நீட்டினாள்.

"அத்தான், அக்கா மொகம் தெளிஞ்சிருக்கு, போய்ப் பாருங்க. மூணு காய்த் தண்ணி. நம்ம கொல்லக் காயி. மடக்கு மடக்குன்னு குடிச்சுது. நீர்க்கடுப்புக்கு ஊசி போட்டுக்கிட்டு ஒக்காந்திருக்கீங்களே! வெளிச் சாப்பாடு கூடாதுன்னு போர்டு வேற. எல்லாம் கேன்டீன்காரன் பொழைக்கத்தானே?"

உள்ளே ஓடி இளநீர் விஷயத்தைச் சொன்னேன். நர்ஸ் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "மூணு காயா? படிச்சவருதானே நீங்க? வர்றவங்ககிட்ட சொல்லிவைக்க மாட்டீங்களா?"

நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் பார்த்தார்கள், ஊசி போட்டார்கள். உடனே டயாலிசிஸ் செய்யவேண்டும், பாண்டிக்குக் கொண்டுபோங்கள் என்றார் டாக்டர். ஆம்புலன்ஸில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப நாளைக்கப்பறம் இன்னிக்குத்தாங்க தாகம் அடங்குச்சு," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அவளுக்கு நெரவி பஸ்ஸு கெடச்சிருக்குமா?" என்று கேட்டாள். கிடைத்திருக்கும் என்றேன். சீர்காழி தாண்டியதும் பேச்சு நின்றது. நான் அவள் மூச்சை எண்ணத் தொடங்கினேன். கொள்ளிடம் பாலத்தின் மேல் எண்ணிக்கை தவறிவிட்டது. ஒன்றிலிருந்து மறுபடி தொடங்கலாம் என்று காத்திருந்தேன். மூச்சு வரவில்லை.

கருமாதியன்று தங்கை கூடத்தின் நடுவில் உட்கார்ந்து, வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். "எங்கக்கா வாய்விட்டுக் கேட்டுச்சு, இளநி குடுடீன்னு. குடுத்துட்டேன். அந்த ஒண்ணுதான் எனக்கு ஆறுதலு." மகன் என்னைப் பார்த்தான். வேண்டாம் என்று தலையை அசைத்தேன். உண்மையைச் சொன்னால் அவள் தாங்கமாட்டாள். அக்காவிடம் மறைத்ததைப் போலவே இப்போது தங்கையிடமும் மறைக்கிறோம்.

போன வாரம் ஃபோனில் பேசினாள். பக்கத்துத் தெருவில் ஒரு அம்மாவுக்கு நீர்க்கடுப்பாம், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம். "நாலு காய் பறிச்சு வச்சிருக்கேன் அத்தான், சாயந்தரம் போய்க் குடுத்துட்டு வந்துருவேன்," என்றாள். அது நிஜமான நீர்க்கடுப்பா, எங்கள் வீட்டு நீர்க்கடுப்பா என்று எனக்குத் தெரியாது. கேட்கவேண்டுமென்றால் எல்லாவற்றையும் சொல்லவேண்டும். வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் ஃபோனை வைத்துவிட்டாள். மறுபடி கூப்பிட எண்களை அழுத்தினேன், பத்தில் ஒன்பது வரை.